மண்டபத் திறப்பு மாணவர் கையிலேயே இருக்கட்டும்

பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் தீவிரவாதக் குழுக்களுக்கு மேடை கொடுக்கலாமா என்ற சண்டையை நான் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பத்திரிகைகளில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பேச்சுச் சுதந்திரமா, தணிக்கையா என்று ஒரே கேள்வியாகச் சுருக்கிவிடுகிறார்கள். நான் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறேன். அந்த மண்டபம் யாருடையது?

மாணவர் ஒன்றியம் பல்கலைக்கழக நிர்வாகத்தின் கிளை அல்ல, அரசு அலுவலகமும் அல்ல. 1994ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி அதன் முக்கியப் பொறுப்பாளர்களை மாணவர்கள் இரகசிய வாக்கெடுப்பில் தெரிவுசெய்கிறார்கள். சேர்ந்திருக்க விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ளலாம். ஒன்றியத்துக்கென்று ஒரு மண்டபம், சில கூட்ட அறைகள், ஒரு தேநீர்க் கடை, சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கக் கொஞ்சம் பணம் இருக்கும். அந்த மண்டபத்தில் கதிரை அடுக்குவதும், ஒலிவாங்கி பூட்டுவதும், வாசலில் நின்று அடையாள அட்டை பார்ப்பதும் பெரும்பாலும் மணிக்கூலிக்கு வேலை செய்யும் மாணவப் பிள்ளைகள்தான். அப்படி வேலை செய்யும் ஒரு பிள்ளையையும் அவளுடைய பெற்றோரையும் இந்த நாட்டைவிட்டுத் துரத்த வேண்டும் என்பதையே கொள்கையாக வைத்திருக்கும் ஒரு கட்சிக்காரர் பேச வந்தால், அவருக்குத் தண்ணீர்ப் போத்தல் வைத்து, ஒலிவாங்கியைச் சட்டையில் குத்திவிட வேண்டியவள் அந்தப் பிள்ளை. அதைச் செய் என்று அவளைக் கட்டாயப்படுத்த எனக்கு மனம் வராது. மாட்டோம் என்று சொல்லும் உரிமை அவளுக்கும் அவளுடைய சக மாணவர்களுக்கும் உண்டு. அவர்கள் மறுத்தால் அந்தக் கட்சி ஊமையாகிவிடுவதில்லை. தெருமுனை இருக்கிறது, தேர்தல் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது, இப்போது ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. அது இழப்பது ஒரு மண்டபத்தையும், பல்கலைக்கழகத்தில் பேசினேன் என்று சொல்லிக்கொள்ளும் மரியாதையையும்தான். அந்த மரியாதையைத்தான் அவர்கள் தேடி வருகிறார்கள்.

இந்த மறுப்பு எப்போது பிறந்தது என்பது தெளிவாகத் தெரியும். 1974 ஏப்ரலில் லிவர்பூலில் கூடிய தேசிய மாணவர் ஒன்றியத்தின் மாநாடு, வெளிப்படையான நிறவெறி அமைப்புகளுக்கும் பாசிச அமைப்புகளுக்கும் பணமோ மேடையோ கொடுப்பதில்லை என்று தீர்மானித்தது. ‘நோ பிளாட்ஃபோம்’ என்று இன்றுவரை சொல்லப்படுவது அதுதான். அந்தக் காலத்தைத் தெரியாமல் அந்தத் தீர்மானத்தை விளங்கிக்கொள்ள முடியாது. 1967இல் உருவான நேஷனல் ஃபிரண்ட் கட்சி, கறுப்பர்களையும் ஆசியர்களையும் கட்டாயமாகத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தது. 1972இல் இடி அமீன் விரட்டிவிட்ட உகண்டா ஆசியர்கள் இங்கே வந்து இறங்கியபோது அதற்கு ஆள் சேர்ந்தது. 1977இல் லண்டன் மாநகரத் தேர்தலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதற்கு வாக்களித்தார்கள்.

லிவர்பூல் தீர்மானம் நிறைவேறி இரண்டு மாதத்தில், ஜூன் 15 அன்று, மத்திய லண்டனில் ரெட் லயன் சதுக்கத்தில் உள்ள கொன்வே ஹோலில் நேஷனல் ஃபிரண்ட் கூட்டம் போட்டது. யாரும் பேசலாம் என்பதைக் கொள்கையாகக் கொண்டவர்களின் மண்டபம் அது. நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். வெளியே எதிர்ப்பு ஊர்வலத்துக்கும் பொலிசாருக்கும் இடையே நடந்த மோதலில் வோரிக் பல்கலைக்கழக மாணவர் கெவின் கேட்லி உயிரிழந்தார். அவருக்கு 20 வயது. ஒரு கட்சிக்கு மண்டபம் கொடுப்பது மண்டபத்துக்குள் மட்டும் நடக்கிற காரியம் இல்லை என்பதை அந்தத் தலைமுறை அன்றைக்கே பார்த்துவிட்டது.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தது 1990இல். கிழக்கு லண்டனில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். ஒன்றியக் குழுவிலும் இருந்தேன். 1991 டிசம்பர் முடிவில் நியூஹாமில் தமிழ் அகதி இளைஞர் ஒருவர் தெருவில் தாக்கப்பட்டு, புத்தாண்டு பிறந்து சில நாட்களில் இறந்துபோனார். 1993 ஏப்ரலில் எல்தமில் பஸ்ஸுக்குக் காத்திருந்த கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லோரன்ஸ் குத்திக் கொல்லப்பட்டார். செப்டெம்பரில் ஸ்டெப்னியில் கொமர்ஷல் வீதியில் வங்காளதேச மாணவர் ஒருவரை ஒரு கும்பல் அடித்துக் கோமாவில் தள்ளியது. அதற்கு அடுத்த வாரம், செப்டெம்பர் 16 அன்று, மில்வோல் வட்டார இடைத்தேர்தலில் தீவிர வலதுசாரிக் கட்சியான பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டியின் டெரெக் பீக்கன் ஏழு வாக்குகளால் வென்று மாநகர சபைக்குள் போனார்.

வெற்றிச் செய்தி வந்த கையோடு எங்கள் கல்லூரிக் கழிப்பறைச் சுவர்களில் ஒட்டிகள் முளைத்தன. உள்ளங்கை அகலம், ஒரு மூலையில் கட்சியின் பெயர். எங்கள் கட்டடத்தைத் துப்புரவு செய்தவர் ஜமேக்காவிலிருந்து வந்த ஒரு வயதான அம்மா. அவர் அந்த ஒட்டிகளை ஒருநாளும் நகத்தால் உரிக்கமாட்டார். பழைய சாயம் சுரண்டும் தட்டைக் கரண்டி ஒன்றை ஏப்ரன் பையில் வைத்திருந்து, அதைக் கீழிருந்து மேலாக மெல்லத் தள்ளித்தான் எடுப்பார். உரிக்கிறவரின் விரலை வெட்டட்டும் என்று சில ஒட்டிகளுக்குப் பின்னால் சவர அலகு வைத்திருப்பார்கள் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மாலை வகுப்பு முடிந்தால் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்துதான் பஸ்தரிப்புக்கு நடந்தோம்.

அந்த வாரங்களில்தான் ஒன்றியப் பொதுக்கூட்டத்துக்கு ஒரு யோசனை வந்தது: பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டியிலிருந்து ஒருவரை அழைத்து விவாதம் நடத்துவோம். கொண்டுவந்தவன் அரசியல் படித்த ஒரு வெள்ளைக்கார மாணவன், நல்ல பிள்ளை. எங்களோடு ஊர்வலத்துக்கெல்லாம் வந்தவன். கேள்விக்கு மேல் கேள்வி கேட்டு அவர்களுடைய முகத்திரையைக் கிழிப்போம் என்று மனதார நம்பினான். உணவுக்கூடத்தில் மேசைகளை ஒதுக்கிவிட்டுக் கூட்டம் நடந்தது. அவன் பேசி முடித்ததும் வங்காளதேசத்து மாணவி ஒருத்தி எழுந்தாள். கூட்டங்களில் வாய் திறக்காதவள். “அவர் பேசிப்போட்டுக் காரில் வீட்டுக்குப் போவார். அவரைக் கேட்க வந்தவர்களும் நானும் 25ஆம் நம்பர் பஸ்ஸில்தான் போக வேண்டும்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். யோசனை தோற்றது. அந்த மாணவனும் கடைசியில் தன் யோசனைக்கு எதிராகக் கை தூக்கினான்.

மேடை கொடுத்தால்தான் அவர்கள் வாதத்தில் தோற்பார்கள் என்பது கேட்க அழகான வாதம். நடந்ததைப் பார்ப்போம். 2007 நவம்பர் 26 அன்று ஒக்ஸ்போர்ட் யூனியன், பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டியின் தலைவர் நிக் கிரிஃபினையும் வரலாற்று எழுத்தாளர் டேவிட் ஏர்விங்கையும் பேச அழைத்தது. அது மாணவர் ஒன்றியம் அல்ல, தனியான விவாதக் கழகம். ஆனாலும் நாடெங்கும் மாணவர் பேச்சாக இருந்தது. எதிர்ப்பாளர்கள் உள்ளே புகுந்தார்கள், பேச்சாளர்களைப் பிரித்து இரண்டு அறைகளில் கூட்டம் நடந்தது. அங்கே யார் எந்த வாதத்தை உடைத்தார்கள் என்று எவருக்காவது நினைவிருக்கிறதா? ஒக்ஸ்போர்டில் பேச அழைக்கப்பட்டவர்கள் என்ற பெயர் மட்டும் இருவருக்கும் மிஞ்சியது.

அதே ஏர்விங் உண்மையில் தோற்ற இடம் வேறு. யூத இனப்படுகொலையை மறுப்பவர் என்று தன்னை எழுதியதற்காக அமெரிக்க வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டட் மீது அவர் லண்டன் உயர் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குப் போட்டார். ரிச்சட் எவன்ஸ் என்ற பேராசிரியர் ஏர்விங்கின் புத்தகங்களை அடிக்குறிப்பு அடிக்குறிப்பாக மூல ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, எங்கெங்கே திரித்திருக்கிறார் என்று நீதிமன்றத்தில் வைத்தார். 2000 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: வரலாற்றை வேண்டுமென்றே திரித்தவர். இதற்கு ஆராய்ச்சியாளர் குழு ஒன்றின் உழைப்பும் மாதக்கணக்கில் விசாரணையும் தேவைப்பட்டன. ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுக்கும் மாலை நேர விவாதத்தில் பொய் சொல்பவனுக்கு ஒரு வரி போதும். அதை மறுக்கிறவருக்குப் பத்து நிமிடமும் போதாது. லிப்ஸ்டட் இன்றுவரை மறுப்பாளர்களோடு ஒரே மேடையில் உட்கார்ந்து விவாதிக்க மாட்டேன் என்பவர். ஆனால் 2006இல் ஒஸ்திரியா ஏர்விங்கைச் சிறையில் அடைத்தபோது அது சரியல்ல என்று சொன்னவரும் அவர்தான். எனக்கு அந்த நிலைப்பாடு முழுக்க உடன்பாடு. என் வீட்டுக்கு வராதே என்று சொல்வதும், இவனைச் சிறையில் போடு என்று அரசைக் கேட்பதும் இரண்டு வேறு காரியங்கள்.

2009 ஒக்டோபர் 22 அன்று பிபிசியின் ‘குவெஸ்சன் டைம்’ நிகழ்ச்சியில் கிரிஃபின் வந்ததையும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 80 லட்சம் பேர் பார்த்தார்கள். அன்று அவர் தடுமாறினார். அவருடைய கட்சிக்காரர்களே முகம் சுளித்தார்கள். அடுத்த வருடத் தேர்தலில் பார்க்கிங் தொகுதியில் அவர் தோற்றார், அந்த மாநகர சபையில் அவருடைய கட்சிக்கு இருந்த இடங்களும் எல்லாம் போயின. தொலைக்காட்சி மேடைதான் அவரை முடித்தது என்பார்கள் சிலர். பார்க்கிங்கில் மாதக்கணக்காக வீடு வீடாகப் போய்க் கதவு தட்டியவர்கள் அப்படிச் சொல்வதில்லை. மில்வோலிலும் அதுதான் நடந்தது. 1994 மேயில் பீக்கன் தோற்றபோது அவருடைய வாக்குகள் குறையவில்லை, முன்பைவிடக் கூடத்தான் விழுந்தன. பயந்து வீட்டுக்குள் இருந்தவர்களை, முக்கியமாக வங்காளிக் குடும்பங்களை, வாக்குச் சாவடிக்கு வரவைத்ததால் தோற்றார். நானும் அந்த வசந்த காலத்தில் துண்டுப்பிரசுரத்தோடு மாடி மாடியாக ஏறியிருக்கிறேன். ஒரு விவாத மேடையைப் பற்றியும் எந்த வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. லிஃப்டில் ஏறப் பயமாயிருக்கிறது, பிள்ளையைப் பாடசாலைக்கு யார் கூட்டிப்போவது என்றுதான் கேட்டார்கள்.

இப்படிச் சொல்கிற நான், கடந்த ஐம்பது வருடத்தில் மேடை மறுப்பு என்ற பெயரில் நடந்த எல்லாவற்றுக்கும் கைதூக்குகிறவள் அல்ல. சில வெட்கக்கேடாக நடந்தன. முதல் தீர்மானத்திலேயே கோணல் இருந்தது: நேஷனல் ஃபிரண்டோடு சேர்த்து, கன்சர்வேட்டிவ் கட்சிக்குள்ளேயே இருந்த வலதுசாரிக் குழுவான மன்டே கிளப்பையும் அது பட்டியலில் போட்டது. அதற்கு முந்தைய வருடம், 1973 மேயில், லண்டன் ஸ்கூல் ஒஃப் இகொனொமிக்ஸில் பேச வந்த உளவியல் பேராசிரியர் ஹான்ஸ் ஐசெங்கை மேடையில் ஏறி அடித்தார்கள், அவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்தது. இனத்துக்கும் அறிவுத்திறனுக்கும் அவர் போட்ட முடிச்சு தவறு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அவரிடம் படை இல்லை, கட்சி இல்லை. இருந்தது ஒரு புத்தகம். புத்தகத்துக்குப் பதில் புத்தகம்தான். ஹிட்லரின் ஜெர்மனியைவிட்டு இளைஞனாக வெளியேறி வந்த மனிதரைப் பாசிச எதிர்ப்பின் பெயரில் அடித்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அதைவிடக் கேவலமானது யூத மாணவர்களுக்கு நடந்தது. 1975 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை சியோனிசத்தை நிறவெறியின் ஒரு வடிவம் என்று தீர்மானித்தது. அடுத்த இரண்டு வருடங்களில் சில ஒன்றியங்கள் ஒரு கணக்குப் போட்டன: நிறவெறிக்கு மேடை இல்லை, சியோனிசம் நிறவெறி, யூத மாணவர் சங்கம் சியோனிசத்தை ஆதரிக்கிறது, ஆகவே யூத மாணவர் சங்கத்துக்கு அறையும் இல்லை, பணமும் இல்லை. நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு, நாஜிகளைத் தடுக்க எழுதிய விதியைக் காட்டிக் கதவடைத்தார்கள். குழப்பம் முற்றி, 1977 முடிவில் தேசிய ஒன்றியம் அந்தக் கொள்கையையே கைவிட்டது. 1978இல் திருத்தி மறுபடி ஏற்றது. பாலஸ்தீன மக்களின் பக்கம் நிற்பவள் நான். அதற்காக ஒரு யூத மாணவர் சங்கம் வெள்ளிக்கிழமை இரவு கூடிச் சாப்பிட அறை கிடைக்காமல் நிற்க வேண்டும் என்று எந்த நியாயமும் எனக்குச் சொல்ல முடியாது.

2015இல் இன்னொரு திருப்பம். ஈரானில் பிறந்து, இஸ்லாமை விட்டு வெளியேறிய மரியம் நமாஸியை வோரிக் மாணவர் ஒன்றியம் முதலில் பேச விடவில்லை. கண்டனம் எழுந்ததும் சில நாட்களில் மன்னிப்புக் கேட்டு அனுமதித்தது. அந்த நவம்பரில் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் அவர் பேசியபோது, எதிர்த்து வந்திருந்த மாணவர்கள் சிலர் இடையிடையே கத்தினார்கள், படங்காட்டும் கருவியை நிறுத்தினார்கள். கொலை மிரட்டலுக்குத் தப்பி வாழும் ஒரு பெண்ணைத் தீவிரவாதியின் இடத்தில் வைத்து நடத்தினார்கள். மனம் புண்படுவது வேறு, அடிபடுவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கியவர்கள்தான் இந்தக் கொள்கைக்குப் பெரிய கெடுதல் செய்தார்கள்.

ஆகவே பட்டியலே வேண்டாம் என்று சிலர் முடிக்கிறார்கள். அவர்களை 1990களின் கிழக்கு லண்டன் கல்லூரி வாசல்களுக்குக் கூட்டிப்போக ஆசைப்படுகிறேன். வெள்ளிக்கிழமை மதியங்களில் ஹிஸ்புத் தஹ்ரிர் என்ற இஸ்லாமியவாத இயக்கத்தின் ஆட்கள் வாசலில் நின்று துண்டுப்பிரசுரம் கொடுப்பார்கள். யூதர்களைப் பற்றியும் இந்துக்களைப் பற்றியும் தன்பாலின மாணவர்களைப் பற்றியும் அதில் இருந்ததை இங்கே எழுத மாட்டேன். தலையில் துணி போடாத முஸ்லிம் பெண்கள்தான் எல்லோரையும்விடக் கூடப் பாடுபட்டார்கள். என்னோடு படித்த ஒருத்தி பின்வாசலால் வரத் தொடங்கினாள். 1995 தொடக்கத்தில் நியூஹாமில் ஒரு கல்லூரி வாசலில் நைஜீரிய மாணவர் ஒருவர், மத வாக்குவாதங்களின் தொடர்ச்சியாகக் குத்திக் கொல்லப்பட்டார். அந்த இயக்கம் தனக்குத் தொடர்பில்லை என்றது. தேசிய மாணவர் ஒன்றியம் அந்த இயக்கத்தைத் தன் மறுப்புப் பட்டியலில் வைத்துப் பல வருடங்கள் கழிந்த பின்புதான், 2024 ஜனவரியில், அரசு அதைத் தடைசெய்தது. வாசலில் நின்றவர்களை அன்றாடம் கடந்துபோன மாணவர்களுக்கு அமைச்சர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

இங்கேதான் தமிழர்களாகிய எங்களுடைய கதை வருகிறது. 2001இல் பிரித்தானிய அரசு விடுதலைப் புலிகளைத் தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. அந்தத் தடை இன்றும் நீடிக்கிறது. 2015 செப்டெம்பரிலிருந்து ‘பிரிவென்ட்’ சட்டக் கடமை பல்கலைக்கழகங்களுக்கும் வந்தது. மாணவர்கள் தீவிரவாதத்தின் பக்கம் போகாமல் தடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு என்றானது. நடைமுறையில் அதன் பொருள், வெளியிலிருந்து யாரையாவது பேச அழைத்தால் வாரக்கணக்கில் முன்பே நிரப்பிக் கொடுக்க வேண்டிய ஒரு படிவம்.

நான் இப்போது ஒரு கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். அருகிலுள்ள பல்கலைக்கழகத்துத் தமிழ்ச் சங்கப் பிள்ளைகள் உதவி கேட்டு வருவார்கள். ஒரு நவம்பரில் சங்கத் தலைவி அந்தப் படிவத்தோடு என் சமையலறை மேசையில் வந்து உட்கார்ந்தாள். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் ஒரு மாலை. பேச வருபவர் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர். பேச்சாளர் இதற்கு முன் எங்கெங்கே பேசினார்? அவர் பேச்சில் சர்ச்சைக்குரிய விஷயம் இருக்குமா? தடைசெய்யப்பட்ட அமைப்பு எதனுடனாவது தொடர்பு உண்டா? கொடிகள், படங்கள் வைக்கப்படுமா? பேனையைக் கீழே வைத்துவிட்டு அவள் கேட்டாள்: “அன்ரி, அம்மாவின்ர தம்பி முள்ளிவாய்க்காலில செத்தவர். அவருக்கு ஒரு விளக்கு ஏத்துறது சர்ச்சையோ? இதில என்னெண்டு எழுதுறது?” இருக்கிறதை இருக்கிறபடி எழுது பிள்ளை என்றேன். எழுதினாள். நிகழ்ச்சி நாளன்று பின்னேரம்தான் அனுமதி வந்தது, அலுவலர் ஒருவர் பின்வரிசையில் இருப்பார் என்ற நிபந்தனையோடு. அவரும் வந்து, கையில் ஒரு தாளோடு கடைசிவரை இருந்தார். ஆசிரியர் வன்னிக் குளங்களைப் பற்றித்தான் பேசினார். முன்வரிசையில் இருந்த தாய்மார் யாரும் வாய்விட்டு அழவில்லை.

இதைச் சொல்லும்போது என் தமிழ் நண்பர்கள் பலர், பார்த்தாயா, மேடை மறுப்பு கடைசியில் எங்களையே கடிக்கிறது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பிள்ளையை அலைக்கழித்தது சக மாணவர்களின் கூட்டம் அல்ல. அரசின் பட்டியலும், முகம் தெரியாத ஒரு மேசையும். பொதுக்கூட்டம் என்றால் அவள் எழுந்து மாமாவைப் பற்றிச் சொல்லியிருப்பாள். கேட்டவர்கள் கேள்வி கேட்டிருப்பார்கள். சிங்கள மாணவர் யாராவது இருந்தால் அவரும் பேசியிருப்பார். படிவத்தோடு யாரும் அப்படிப் பேச முடியாது.

தமிழர்களுக்குச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு, அது எங்களுக்கு இனிக்காது. 1986இல் நான் யாழ்ப்பாணத்தில் பாடசாலை மாணவி. மட்டக்களப்பைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவர் ஒருவர் கடத்தப்பட்டபோது, அவரை விடுவிக்கச் சொல்லி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்தப் போராட்டத்தில் முன்னின்றவர்களில் ஒருவர் பின்னர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1989 செப்டெம்பர் 21 அன்று, உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகம, துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். எல்லாத் தரப்பின் கொடுமைகளையும் பதிவுசெய்த ‘முறிந்த பனை’ நூலின் ஆசிரியர்களில் ஒருவர் அவர். புலிகளே பொறுப்பு என்று அவரது குடும்பத்தாரும் சகாக்களும் சொல்லிவந்திருக்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் மேடை மறுக்கப்பட்டது வாக்கெடுப்பால் அல்ல. ஆயுதம் வைத்திருக்கும் இயக்கத்துக்கு ஒரு வளாகம் முழுதாகக் கைக்கு வந்தால் அங்கே வேறு யாரும் பேச முடியாது என்பதை நாங்கள் புத்தகத்தில் படித்து அறிந்தவர்கள் அல்ல. அதனால்தான் லண்டனில் யாராவது, எல்லோரையும் பேச விடுங்கள், எதுவும் ஆகாது என்று சொல்லும்போது என்னால் தலையாட்ட முடிவதில்லை.

என் நிலைப்பாடு குறுகியது. குறுகியதாகவே இருக்க வேண்டும். மனிதர்களை அவர்கள் பிறந்த இனத்துக்காக, வைத்திருக்கும் அல்லது விட்டுவிட்ட நம்பிக்கைக்காக, வன்முறையாலோ மிரட்டலாலோ விரட்டுவதைத் திட்டமாகவோ பழக்கமாகவோ கொண்ட அமைப்புகளுக்கு ஒன்றியத்தின் மண்டபமும் பணமும் மறுக்கப்பட வேண்டும். அமைப்புகளுக்குத்தான். தனி மனிதர்களின் கருத்துக்கு, எவ்வளவு கசந்தாலும், அந்த விதியைக் காட்டக் கூடாது. யார் பட்டியலில் என்பதை ஒரு பொறுப்பாளர் தன் அறையில் இருந்து முடிவெடுக்கக் கூடாது. துண்டுப்பிரசுரம், தேர்தல் அறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு என்று சான்றுகளை வைத்துப் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுக்க வேண்டும். குற்றம் சாட்டப்படும் சங்கத்துக்குப் பதில் சொல்ல நேரம் தர வேண்டும். ஒரு வருடத்தில் அந்தத் தீர்மானம் தானாகக் காலாவதியாக வேண்டும். மறுபடி வேண்டுமென்றால் மறுபடி வாக்கு. கோல்ட்ஸ்மித்ஸில் நடந்ததுபோல அழைத்துவிட்டுக் கத்துவதற்கு இதில் இடமில்லை. வராதே என்று முன்கூட்டியே வாக்களித்துச் சொல்லுங்கள், அல்லது வந்தவரைப் பேச விட்டு எதிர்க்கேள்வி கேளுங்கள்.

அரசு இந்த வேலையைத் தன் கையில் எடுக்க இரண்டு பக்கத்தாலும் முயல்கிறது. ஒரு பக்கம் பிரிவென்ட், பேச்சைக் குறைக்க. மறுபக்கம், 1986ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் தொடங்கி 2023ஆம் ஆண்டின் உயர்கல்விப் பேச்சுச் சுதந்திரச் சட்டம் வரை, பேச்சைக் கட்டாயமாக்க. பின்னதன் முக்கியப் பகுதிகள் 2025 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தன. மாணவர் ஒன்றியங்கள் மீது நேரடியாகக் கடமை சுமத்தும் பிரிவை மட்டும் அரசு அப்போது நடைமுறைப்படுத்தவில்லை. அந்த இடைவெளியை மாணவர்கள் பொறுப்போடு பயன்படுத்த வேண்டும். தடுமாறினால், ஏதாவது ஒரு அமைச்சர் திறப்பை வாங்கிக்கொள்வார். அதற்குப் பிறகு பீக்கனின் வாரிசுக்கு மண்டபம் திறந்துவிடுவதும், எங்கள் பிள்ளையின் விளக்குக்கு மூடுவதும் ஒரே அலுவலகத்தின் வேலையாக இருக்கும்.

பல ஒன்றியப் பொதுக்கூட்டங்கள் போதிய ஆள் சேராமல் கலைந்துபோகின்றன. அப்புறம் நாலு பொறுப்பாளர்கள் தாங்களே முடிவெடுக்கிறார்கள். லண்டனிலும் லெஸ்டரிலும் கவன்ரியிலும் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு, ஒக்டோபரில் அந்தக் கூட்ட அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். விளம்பரம் என்று அழித்துவிடாதீர்கள். தமிழ்ச் சங்கத்திலிருந்து ஐந்தாறு பேராவது போய் உட்காருங்கள். பட்டியலில் ஒரு சங்கத்தின் பெயரை யாராவது முன்மொழிந்தால், அது யூத சங்கமாக இருந்தாலும் இஸ்லாமிய சங்கமாக இருந்தாலும், அவர்களைப் பேசவிட்டுக் கேட்ட பிறகுதான் வாக்கெடுக்க வேண்டும் என்று எழுந்து நின்று கேளுங்கள்.